எந்தத் தெரு

பெர்லினில் மூன்று நாள் கூட்டம். சாதியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசியாயிற்று. கேட்டவர்கள் தலையாட்டியும் ஆயிற்று. நான்காம் நாள் சும்மா கிடந்தது, மறுநாள் ராத்திரிதான் விமானம். ஊரைச் சுற்றிப் பாருங்கள் தோழர் என்றார்கள். நான் விட்டன்பர்க் போகணும் என்றேன். அது சின்ன ஊர், மத்தியானத்துக்குள் பார்த்து முடிந்துவிடும், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

எங்க அப்பாயி வாயில் ஓயாமல் கிடந்த ஊர் அது. அப்பாயிக்கு ஜெர்மனி எந்தத் திசை என்று தெரியாது. தரங்கம்பாடிக்கு அந்தாண்ட கடல், கடலுக்கு அந்தாண்ட லூத்தர் அய்யா ஊர். அவ்வளவுதான் அதுக்குத் தெரிந்த பூகோளம். "லூத்தர் அய்யா கோயில் கதவுல ஆணி அடிச்சாரு பாரு, அந்தச் சத்தத்துல போப்பாண்டவரு கட்டில்லேருந்து கீழ உழுந்தாரு" என்று சொல்லும். நாற்று நட்டுவிட்டு வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டே சொல்லும். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய கதையும் அதுக்குத் தெரியும். எங்க சனத்தில் ஒரு பகுதி லூத்தரன் ஆனது அந்த வழியாகத்தான். எனக்கு இன்றைக்கு எந்தக் கோயிலும் இல்லை. ஆனாலும் அப்பாயி சொன்ன அந்தக் கதவைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் அது கனவில் வந்து திட்டும் என்று தோன்றியது.

2024 செப்டம்பர், சனிக்கிழமை. பெர்லினிலிருந்து விட்டன்பர்க்குக்குச் சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். பெட்டியில் எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு வயசுப் பெண் குழந்தை. பிள்ளை "தண்ணி" என்றது. தூர தேசத்தில் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. நானே சிரித்தேன். "தமிழா சார்?" என்றார் அவர். கம்ப்யூட்டர் வேலை, பெர்லின் வந்து நான்கு வருஷம், லீவு நாளில் ஒவ்வொரு ஊராகப் பார்க்கிறார்களாம். அந்த அம்மா உடனே ஒரு டப்பாவைத் திறந்து முறுக்கு நீட்டினார். நல்ல மனுஷங்கதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"எந்த ஊரு சார்?"

"மாயவரம் பக்கம்."

"அட, எங்க மாமனார் ஊரு கும்பகோணம். மாயவரத்துல எங்க?"

"பொறையார் போற வழியில உள்ள தள்ளி."

ஊர்ப் பேரைக் கேட்டார். சொன்னேன். "அங்க எந்தத் தெரு?" என்றார்.

இந்தக் கேள்வி நமக்குப் புதுசு இல்லை. ஒன்றாம் வகுப்பு வாத்தியாரிலிருந்து வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடம் வரைக்கும் கேட்ட கேள்வி. நேரே சாதி என்ன என்று கேட்டால் அநாகரிகம். ஊர், பக்கம், தெரு என்று அளந்துகொண்டே வந்தால் அது அக்கறை. மூன்று நாளாக ஒலிபெருக்கி முன்னால் நின்று, அடையாளத்தை மறைத்து வாழ்வதன் வலி பற்றிப் பேசிய ஆள் நான். என் வாயிலிருந்து வந்தது "சர்ச் தெரு."

எங்க ஊரில் சர்ச் தெரு உண்டு. நாங்கள் இருப்பது அங்கே இல்லை. சர்ச்சுக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாங்கள். சர்ச் தெருக்காரர்கள் வேறே.

"ஓ, கிறிஸ்டியனா. அந்தப் பக்கம் கிறிஸ்டியன்ல பிள்ளைமாருங்க நிறைய உண்டு இல்ல?" என்று அவரே முடித்துக்கொண்டார். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி பைன் மரங்களைப் பார்த்தேன். வாயில் முறுக்கு இருந்தது. அதை விழுங்க நேரம் பிடித்தது.

விட்டன்பர்க்கில் இறங்கி அவர்கள் தள்ளுவண்டியோடு மெதுவாக நடக்க, நான் வேகமாக முன்னால் நடந்துவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ஓக் மரம் நிற்கிறது. 1520 டிசம்பர் 10ஆம் தேதி லூத்தர், போப்பிடமிருந்து வந்த ஆணையைத் தீயில் போட்ட இடம். இப்போது நிற்கிற மரம் 1830இல் நட்டது. எனக்கு மகாத் ஞாபகம் வந்தது. 1927 டிசம்பர் 25இல் பாபாசாகேப் மனுஸ்மிருதியைக் கொளுத்திய இடத்தில் இப்படி ஒரு மரம் வைத்து, சுற்றிலும் பெஞ்சு போட்டு, பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுகிற ஒரு நாட்டை நினைத்துப் பார்த்தேன். அம்பேத்கரும் 1920களின் தொடக்கத்தில் இந்த நாட்டின் பான் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்தவர்தான். மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். காகிதம் எரிகிற வாசனை எங்கும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

லூத்தர் குடியிருந்த வீட்டில் மராமத்து வேலை, மூடிக் கிடந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. நுழைவுச் சீட்டுக் காசு மிச்சம். நேரே நீளமான கடைத்தெரு. தெரு ஓரத்தில் சின்ன வாய்க்கால் ஓடுகிறது, தெளிந்த தண்ணி. கடைகளில் லூத்தர் காலுறை, லூத்தர் பொம்மை, லூத்தர் ரொட்டி. சந்தை மைதானத்தில் லூத்தருக்கு ஒரு சிலை, பக்கத்தில் அவருடைய நண்பர் மெலாங்க்தனுக்கு ஒரு சிலை. லூத்தர் சிலை 1821இல் வைத்தது. நம்ம ஊரில் தலைவர்களைக் கம்பிக் கூண்டுக்குள் அடைத்து வைத்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கூண்டு இல்லாத சிலைகள் கொஞ்சம் அம்மணமாகத் தெரிகின்றன.

தெருவின் மேற்குக் கோடியில் கோட்டைக் கோயில். அப்பாயி சொன்ன கதவு. 1517இல் லூத்தர் 95 வாசகங்களை அடித்ததாகச் சொல்லப்படும் மரக்கதவு 1760இல் போரில் எரிந்துபோயிற்று. இப்போது இருப்பது 1858இல் வைத்த வெண்கலக் கதவு. அந்த 95 வாசகமும் லத்தீனில் வார்க்கப்பட்டிருக்கிறது. ஆணி அடிக்க இடமே இல்லை. கதவு பூட்டியிருந்தது, சனங்கள் பக்கவாட்டு வழியாகப் போய் வருகிறார்கள். லூத்தரின் கல்லறை உள்ளே இருக்கிறது.

கதவுக்கு முன்னால் நின்ற ஒரு கறுப்பு மனிதர் தன் போனை என் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். தான்சானியாவில் பாதிரியாராம். "நீயும் லூத்தரனா?" என்றார். "எங்க அப்பாயி லூத்தரன்" என்றேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்து என் தோளில் கைபோட்டு, இன்னொரு ஆளைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னார். "எங்களுக்கும் ஜெர்மன்காரன்தான் பைபிளைக் கொடுத்தான். சுட்டதும் அவன்தான்" என்றார். மாஜி மாஜி எழுச்சியைச் சொல்கிறார் என்று புரிந்தது. 1905இலிருந்து 1907 வரைக்கும் ஜெர்மன் காலனி ஆட்சி அங்கே சனங்களைப் பட்டினி போட்டே கொன்றது. அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் ஊரைக் கேட்டார், இந்தியா என்றதும் போதும் என்று விட்டுவிட்டார். அதற்குள்ளே இன்னொரு ஊர், ஊருக்குள் தெரு என்று தோண்டவில்லை.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு லூத்தர் மேல் ஒரு பொறாமை உண்டு. அது அவர் மொழிபெயர்ப்பால் வந்தது. 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொண்டு வந்தார், 1534இல் முழு பைபிளும் வந்தது. எப்படி எழுதுவது என்று கேட்டவர்களுக்கு, வீட்டில் இருக்கிற அம்மாவிடம் கேள், தெருப் பிள்ளைகளிடம் கேள், சந்தையில் நிற்கிற ஆளின் வாயைப் பார் என்கிற மாதிரி பதில் எழுதினார். நாங்கள் சேரிப் பேச்சில் கதை எழுதியபோது, இது இலக்கியமா, கொச்சை என்று சொன்ன தமிழ்த்துறைப் பேராசிரியர்களிடம் அன்றைக்கு இதைச் சொல்லத் தெரியாமல் போய்விட்டது. ஆனால் அதே லூத்தர்தான் 1525இல் குடியானவர்கள் பண்ணையடிமைத்தனம் வேண்டாம் என்று எழுந்தபோது, அவர்களை வெட்டு, குத்து, நாயை அடிப்பதுபோல அடி என்று பிரபுக்களுக்கு எழுதிக் கொடுத்தவர். லட்சம் பேர் வரை செத்திருப்பார்கள் என்கிறார்கள். எங்கெல்ஸ் எழுதிய புத்தகத்தைக் கட்சி வகுப்பில் படித்தபோது அப்பாயியிடம் இதைச் சொன்னேன். "அய்யா கோவத்துல எழுதியிருப்பாரு" என்றது. அதோடு பேச்சை முடித்துக்கொண்டது. பண்ணையில் அடி வாங்கி வளர்ந்த உடம்பு அது.

திரும்பி நடந்து ஊர்க்கோயிலுக்கு வந்தேன். லூத்தர் பிரசங்கம் செய்த கோயில் இதுதான். உள்ளே பலிபீடத்தில் கிரனாக் என்ற ஓவியரின் படம், 1547இல் வைத்தது. கடைசி இராப்போஜனம். நாம் பார்த்துப் பழகிய நீள மேசை இல்லை, வட்ட மேசை. யாரும் முதல் இல்லை, யாரும் கடைசி இல்லை. சீஷர்களோடு லூத்தரும் தாடியோடு உட்கார்ந்திருக்கிறார். வட்டத்துக்கு வெளியே நிற்கிற ஒரு பணியாள் அவரிடம் கிண்ணம் கொடுக்கிறான், அவர் திரும்பி வாங்குகிறார்.

அந்தப் படத்தின் முன்னால் நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் கோயிலில் ரொட்டி மட்டும்தான் சனங்களுக்கு, கிண்ணம் பாதிரியாருக்கு. 1521 கிறிஸ்துமஸ் அன்றைக்கு இந்த ஊரில் கார்ல்ஸ்டாட் என்பவர்தான் சாதாரண உடையில் நின்று, கிண்ணத்தையும் சனங்கள் கையில் கொடுத்தார். இந்தக் கிண்ணம்தான் கப்பலேறி தரங்கம்பாடிக்கு வந்தது.

வந்து என்ன ஆயிற்று? 1733இல் முதல் தமிழ்ப் பாதிரியாராக ஆரோன் என்பவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். வெள்ளாளர். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். மன்னர் படையில் இருந்து வந்தவர், நம்ம ஆள். ஊர் ஊராக அலைந்து சபை கட்டினவர். அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. அவர் கையால் ராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்று வெள்ளைக்கார ஐயர்மார் தயங்கினார்கள். (எங்க பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பேரே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.) ராஜநாயக்கன் 1771இல் செத்துப்போனார், உபதேசியாராகவே.

எங்க தாத்தா சபையில் மணி அடிக்கிறவர். அவர் அடிக்கிற மணிச் சத்தத்துக்குத்தான் சர்ச் தெருக்காரர்கள் எழுந்து வருவார்கள். ராப்போஜனத்தில் அவர்கள் முழங்கால் போட்டு, குடித்து, எழுந்து போன பிறகு எங்க ஆட்கள் போகணும். கிண்ணம் ஒன்றுதான், வரிசை வேறு. எங்க அப்பா பத்தொன்பது வயசில், பட்டணத்தில் படித்துவிட்டு வந்த திமிரில், முதல் வரிசையில் போய் முழங்கால் போட்டார். பக்கத்தில் இருந்த ஏழு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். ஐயர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு அப்பாவைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனார். இதை அப்பா ஒரே ஒரு தடவைதான் எங்களிடம் சொன்னார், அதுவும் சாகக் கிடந்தபோது. "தொண்டை வரண்டு போச்சுடா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வட்ட மேசையை விட்டு வெளியே வந்தால், அதே கோயிலின் தென்கிழக்கு மூலையில் பத்துப் பதினைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு ரொம்ப மேலே, சுவரில் ஒரு பன்றி. மணற்கல்லில் செதுக்கியது. பன்றியின் மடியில் பால் குடிக்கிற ஆட்கள். யூதர்கள் என்று காட்டுகிற தொப்பி அவர்கள் தலையில். ஒருவர், யூத குருவாம், பன்றியின் வாலைத் தூக்கிப் பின்புறத்தைப் பார்க்கிறார். சுமார் 1290இல் வைத்தது. பன்றி யூதர்களுக்கு விலக்கப்பட்டது என்று தெரிந்தே செய்த வேலை. ஜெர்மனியின் பல பழைய கோயில்களில் இந்த மாதிரி உண்டு. ஆனால் இந்தச் சுவரில் இருப்பதை லூத்தரே 1543இல் எடுத்துக்காட்டி, ரசித்து எழுதியிருக்கிறார். யூதர்களின் ஜெபக்கூடங்களைக் கொளுத்து, வீடுகளை இடி, புத்தகங்களைப் பிடுங்கு என்று எழுதியதும் அதே வருஷம்தான். நானூறு வருஷம் கழித்து நாஜிகள் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்கள்.

கீழே தரையில் ஒரு வெண்கலத் தகடு. 1988இல் பதித்தது. நான்கு பலகைகளால் எதையோ மூடி வைத்திருப்பது மாதிரியும், அடியில் இருக்கிறது பிதுங்கிக்கொண்டு இடுக்கு வழியாக வெளியே வருகிற மாதிரியும் வார்த்திருக்கிறார்கள். இடுக்கு சிலுவை வடிவத்தில் இருக்கிறது. கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களைப் பற்றிச் சுற்றிலும் எழுத்து. 130ஆம் சங்கீதத்தின் முதல் அடி எபிரேயத்தில். பக்கத்தில் ஒரு கேதுரு மரம், ஒரு விளக்கப் பலகை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏற்கெனவே அங்கே ஒரு வயசான அம்மா உட்கார்ந்து ஆப்பிளை வெட்டிக்கொண்டிருந்தார். ஹாலே ஊர்க்காரர், ஓய்வு பெற்ற டீச்சர். கிழக்கு ஜெர்மனி காலத்தில் ருஷ்யன் சொல்லிக் கொடுத்தாராம். சுவர் விழுந்த பிறகு ருஷ்யனை யாரும் சீண்டவில்லை, நாற்பது வயசில் இங்கிலீஷ் படித்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டாராம். ஹாலே என்றதும் நான் சீகன்பால்கு என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிராங்கே நிறுவிய பழைய பள்ளிக்கூடத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன் என்றார். ஆப்பிளில் பாதியை என்னிடம் கொடுத்தார். எங்களுக்கு எதிரே, முதுகுப்பையைக் கழற்றாமல் ஒரு அமெரிக்கப் பெண், இருபது வயசு சொல்லலாம், பன்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் வந்து உட்கார்ந்தாள். அவள் கொள்ளுப்பாட்டி லைப்சிகிலிருந்து தப்பிப் போனவர். "இது இன்னும் ஏன் மேலே இருக்கிறது?" என்றாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

டீச்சர் பொறுமையாகச் சொன்னார். ஒருவர் வழக்குப் போட்டார், யூத சமயத்துக்கு மாறியவர், இது தன்னை அவமதிக்கிறது, எடுத்துவிடு என்று. கீழ்க்கோர்ட்டுகளில் தோற்றார். 2022 ஜூனில் கார்ல்ஸ்ரூவில் இருக்கிற மேல்கோர்ட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கல் அவமதிப்புதான், ஆனால் கீழே தகடும் பலகையும் வைத்ததால் அவமானச் சின்னமாக இருந்தது எச்சரிக்கைச் சின்னமாக மாறிவிட்டது என்று தீர்ப்பு. பிறகு நிபுணர் குழு இறக்கிவிடலாம் என்று யோசனை சொன்னது. அந்த வருஷக் கடைசியில் சபை மன்றம் கூடி, இருக்கட்டும் என்று முடிவெடுத்தது.

"எடுத்துவிட்டால் மறந்துவிடுவார்கள். எங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியும்" என்றார் டீச்சர். "நாங்கள் என்ன செய்தோம் என்று இந்தச் சுவர் சொல்லணும்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கணும் என்பதற்காக நாங்கள் வந்து இதைப் பார்த்துக்கொண்டே இருக்கணுமா?" என்றாள் அந்தப் பெண்.

டீச்சர் ஆப்பிள் தோலைத் துணியில் மடித்தார். சமாதானமாகத்தான் சொன்னார்: "உனக்குப் புரியணும் பெண்ணே. யூதர்கள் இங்கே எப்போதும் பாரியாக்களாகத்தான் இருந்தார்கள்."

எனக்கு அந்தச் சொல் முதலில் காதில் விழுந்து, கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே இறங்கியது. இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார், அந்தச் சொல்லை மட்டும் ஜெர்மன் உச்சரிப்பில் சொன்னார். பாரியா.

"அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று கேட்டேன்.

"இந்தியாவிலிருந்து. தீண்டத்தகாதவர்" என்றார், வாத்தியாரம்மா பதிலாக.

"அது என் சாதியின் பெயர்" என்றேன்.

காலையில் ரயிலில் சொல்ல முடியாததை இங்கே சட்டென்று சொல்லிவிட்டேன். இவர்கள் இரண்டு பேருக்கும் எங்க வாய்க்கால் தெரியாது என்கிற தைரியம்தான். டீச்சர் முகம் சிவந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு, அவர் உண்டாக்கிய சொல்லா? பறை அடித்த கை, பறையர், போர்த்துக்கீசியன் வாயில் நுழைந்து, அப்படியே இங்கிலீஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று போய், ஒதுக்கித் தள்ளப்பட்ட எவனுக்கும் உரிய பொதுப்பெயர் ஆகிவிட்டது. மாக்ஸ் வெபர் பழைய யூதர்களைப் பற்றி எழுதும்போது 'பாரியா சனம்' என்றே எழுதினார். எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத ஊரில் எங்கள் பெயர் எங்களுக்கு முன்னாலேயே வந்து, இன்னொரு ஒடுக்கப்பட்ட சனத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அந்தப் பெண் சொன்னாள், ஹன்னா ஆரெண்ட் 1944இல் யூதனைப் பாரியா என்றே வைத்து எழுதிய கட்டுரையைக் கல்லூரியில் படித்தேன், இப்படி ஒரு நிஜமான ஆள் அந்தச் சொல்லுக்குள் இருப்பான் என்று நினைத்ததே இல்லை என்று. அவள் என் கையைத் தொட்டுப் பார்ப்பவள் மாதிரிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சர் மெதுவாக, "கதேயும் எழுதியிருக்கிறார், 'பாரியா' என்றே தலைப்பு" என்றார். 1820களில் எழுதியது. பிராமணப் பெண்ணின் தலை வேறொருத்தியின் உடம்பில் ஒட்டி ஒரு தெய்வம் உண்டாகும் கதை அதில் வருகிறதாம். அது எங்க மாரியம்மன் கதை என்றேன். ரேணுகையின் தலையும் சேரிப் பெண்ணின் உடம்புமாக எழுந்தவள். சொன்னெரா என்ற பிரெஞ்சுப் பயணி நம்ம பக்கம் கேட்டுவிட்டுப் போய் எழுதியது, அங்கிருந்து கதே கைக்கு வந்தது. அப்பாயி சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை லூத்தருக்கும், ஆடி மாசம் யாருக்கும் தெரியாமல் மாரியம்மனுக்கும் கூழ் ஊற்றியது.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நீ சொல், எடுக்கணுமா, இருக்கணுமா என்கிற மாதிரி.

எங்களிடமும் இந்தச் சண்டை நடந்தது என்றேன். நூறு வருஷத்துக்கு முன்னால், சென்னையில், இரண்டு பெரியவர்கள். அயோத்திதாசர் இந்தப் பெயர் எதிரிகள் நம்மேல் போட்டது, தூக்கி எறி, நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். அவருடைய உறவினரான இரட்டைமலை சீனிவாசன், அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து 1893இல் 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கினார். எதை வைத்து இழிவுபடுத்தினாயோ அதை நானே உரக்கச் சொல்கிறேன் என்பது அவர் கணக்கு. எங்க இயக்கத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சியும் உண்டு, ராத்திரி முழுக்கப் பேசுவோம்.

"நீ எந்தக் கட்சி?" என்றாள் அந்தப் பெண்.

"கூட்டத்தில் சீனிவாசன் கட்சி" என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று சொன்னேன். எறி என்றதும் எங்கள் ஆள், வைத்துக்கொள் என்றதும் எங்கள் ஆள். இங்கே பன்றியைச் செதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் கூடி உட்கார்ந்து, அது இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் போட்டிருப்பார்கள். எங்க ஊர் ஐயரும் நல்ல எண்ணத்தோடுதான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருப்பார், சபை உடையக் கூடாதே என்று. டீச்சர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அப்படி யோசித்ததில்லை" என்றார். அதற்குப் பிறகும் இருக்கணும் என்றுதான் சொன்னார். நான் அவரை மதித்தேன். சட்டென்று மனசு மாறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போகும்போது, அந்தச் சொல்லைச் சரியாக எப்படிச் சொல்வது என்று கேட்டார். பறையர். அவருக்கு ற வரவில்லை. ருஷ்யன் சொல்லிக் கொடுத்த நாக்கு, அழுத்தி அழுத்திப் பார்த்தது. மூன்றாம் தடவை ஓரளவுக்கு வந்தது. அந்தப் பெண்ணும் சொல்லிப் பார்த்தாள். சந்தை மைதானத்து மூலையில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் என் சாதிப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்க, யாராவது தமிழ் ஆட்கள் வந்துவிடப் போகிறார்களே என்று என் கண் தானாகத் தெருவைப் பார்த்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்போவதாக முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தபோது எனக்கு இந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. எங்க தெருப் பலகையில் காலனி என்ற எழுத்தின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். மழைக்கு அடி எழுத்து தெரிகிறது என்று தம்பி போனில் சொன்னான். சர்ச் தெரு, சர்ச் தெருவாகவே இருக்கிறது.

சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷன் வந்தால், அந்தக் குடும்பம் பிளாட்பாரத்தில் நின்றது. பிள்ளை கையில் பிஸ்கெட். "சார், எல்லாம் பார்த்தீங்களா? அந்தப் பன்னிய பார்த்தீங்களா?" என்றார் அவர். பார்த்தேன் என்றேன். "என்ன கொடுமை பாருங்க, மனுஷனை மனுஷன் இப்படியா..." என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். ரயில் வர இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

"காலைல தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "சர்ச் தெரு இல்ல. வாய்க்காலுக்கு அந்தாண்ட. பறத்தெரு."

"ஓ" என்றார். "அதனால என்ன சார், இங்க வந்து யாரு அதெல்லாம் பாக்குறா" என்றார். பிறகு போனை எடுத்து ரயில் நேரத்தைப் பார்த்தார். அந்த அம்மா தள்ளுவண்டியின் பெல்ட்டைச் சரி செய்யக் குனிந்தவர் நிமிரவே இல்லை. பிள்ளைதான் பாதி கடித்த பிஸ்கெட்டை என் பக்கம் நீட்டியது. வாங்கித் தின்றேன். எச்சில் ஊறி நமத்துப்போயிருந்தது.